ராஜபாளையத்தில் ஒரு மீட்டர், வில்லிபுத்தூரில் நாற்பது

இன்று காலை வில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பேண்டேஜ் பெட்டிகளை இறக்கப் போயிருந்தேன். ஸ்டோர் ரூமுக்குப் போகிற வழியில், எக்ஸ்ரே அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னை அறியாமலே நின்றுவிட்டேன். விளக்கு அணைந்து கதவு திறந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்து, "யாரைப் பாக்கணும்க்கா?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் ஏறிய பிறகும் அந்த அறையின் வாடை மூக்கிலேயே இருந்தது. ஏ.சி. ஈரமும் டெட்டாலும் சூடான மெஷினும் கலந்த வாடை. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் வில்லிபுத்தூரில் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிறகு நீ மதுரைக்குப் போய் எக்ஸ்ரே படிப்புப் படித்தாய். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளவே இல்லை. ஒருநாள் சரக்கு இறக்க வந்த இடத்தில், இதே கதவைத் திறந்துகொண்டு நீ வந்தாய். "ஏட்டி, நீயா?" என்று கேட்டாய். நானும் அதையேதான் கேட்டேன். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்கு நான் வரும் நாளெல்லாம் உன் மதியச் சாப்பாட்டில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

விண்மீன் மண்டலங்கள், நீ சொல்கிற கேலக்சிகள், நம் பேச்சுக்குள் வந்தது உன் போனில் வந்த ஒரு படத்தால். கறுப்புப் பின்னணியில் பலவிதமான மண்டலங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். நம்முடைய பால்வெளி தொடக்கத்தில் ஒரு பொத்தான் மாதிரி கிடந்தது. கடைசியில் இருந்தது படத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "இதை எல்லாம் ஒரே எக்ஸ்போஷர்லயா எடுத்திருக்கான்?" என்று கேட்டாய்.

எனக்குப் புரியவில்லை. நீ விளக்கினாய். விண்மீன் மண்டலத்துக்குச் சுவர் கிடையாது. நடுவில் நட்சத்திரங்கள் நெருக்கமாக இருக்கும். வெளியே போகப் போகக் கலைந்து, மங்கி, எங்கே தீர்ந்தது என்று சொல்ல முடியாமல் தீர்ந்துபோகும். கொஞ்ச நேரம் வெளிச்சம் வாங்கிப் படம் எடுத்தால் நடுப்பகுதி மட்டும் விழும். நெடுநேரம் வாங்கினால் மங்கின பகுதியும் விழும், அதே மண்டலம் பெரிதாகத் தெரியும். "ஒண்ணை அப்படி எடுத்து, இன்னொண்ணை இப்படி எடுத்து, பக்கத்துல பக்கத்துல வச்சு இதுதான் பெருசுன்னு சொன்னா எப்படி?" என்றாய். நாள் முழுக்க நெஞ்சும் முழங்காலும் படம் எடுக்கிறவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் நீ அதோடு விடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் தேடித் தேடிப் படித்தாய். மறுமுறை நான் வரும்போது புதிதாக ஏதாவது வைத்திருப்பாய்.

அப்படி ஒருநாள் நீ கணக்குப் போட்டுக் காட்டியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். பால்வெளி ஏறக்குறைய ஒரு லட்சம் ஒளியாண்டு அகலம். அதை ஒரு மீட்டராக வைத்துக்கொள் என்றாய். எங்கள் தறியில் ஓடுகிற துணியின் அகலமும் கிட்டத்தட்ட அதுதான். அப்படி வைத்தால் ஆண்ட்ரோமீடா இருபத்தைந்து மீட்டர் தள்ளி, ஒன்றரை இரண்டு மீட்டர் அகலத்தில் இருக்கும். "உங்க தெருவுலயே, எதிர் வீட்டு மாடியில வந்துரும்" என்றாய். அடுத்து, தெரிந்தவற்றிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று என்று சொல்லப்படுகிற ஒரு மண்டலத்தை எடுத்தாய். அதற்குப் பெயர்கூடக் கிடையாது. ஐ.சி. பதினொண்ணு சைபர் ஒண்ணு என்று ரயில் வண்டிக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு நம்பர்தான். அது நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. நம் கணக்கில் பத்து கிலோமீட்டர் தள்ளி, நாற்பது மீட்டர் அகலத்தில்.

"உன் வீட்டு மாடியில பால்வெளியைப் போட்டா, அது எங்க ஊருல வந்து விழுது ஏட்டி" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை.

அதை நிஜமாகவே செய்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே பேசிக்கொண்டோம். பேசினோமே தவிர, மாதங்கள் ஓடின. எனக்குத் தறி, உனக்கு ஷிப்ட்.

பிறகு ஒரு மதியம் நீ சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். கதவைச் சாத்தச் சொன்னாய். கம்ப்யூட்டர் திரையில் ஒரு நெஞ்சுப் படத்தைக் கொண்டுவந்து, "இதைப் பாரு" என்றாய். வலது பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. யாருடையது என்று கேட்டேன். மூலையில் இருந்த பெயரைக் காட்டினாய். உன் பெயர்.

"எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை.

"நெல்லிக்காய் அளவுன்னு டாக்டர் சொல்லுவாவ. அவிய எப்பவும் காய்கறிக் கடையிலதான் அளப்பாவ. பட்டாணி, நெல்லிக்காய், எலுமிச்சை" என்றாய்.

"சின்னதுதானே?"

"பெருசு சின்னதுங்கறது ஒரு கேள்விதான். இருக்கற எடம் சரியில்ல."

அதைச் சொன்ன குரலில்தான் "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க" என்று நாள் பூராவும் நோயாளிகளிடம் சொல்வாய். நான் அழுதேன். நீ கேரியரைத் திறந்து எனக்குச் சோறு போட்டாய். சாப்பிட்டு முடித்த பிறகு, "மதுரையில மருந்து ஏத்துறதுக்கு நாள் கொடுத்திருக்காவ. அதுக்கு முன்ன அந்த கேலக்சியைப் போட்டுருவமா?" என்று கேட்டாய்.

உன் அண்ணன், எனக்கு அண்ணாச்சி, இதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். உனக்குக் கல்யாணம் ஆகவில்லை, மதினி காலமான பிறகு நீங்கள் இரண்டு பேரும்தான் அந்த வீட்டில். நான் உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அவர் என்னைப் பார்த்தே பேசினார்.

"தங்கச்சி, நீயாவது சொல்லு. உடம்பு இருக்கற இருப்புல இவ வெயில்ல நின்னு கயிறு பிடிக்கணுமா? எல்லாம் குணமாகட்டும், பொறவு செய்யலாம்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். நிறுத்தாமலே சொன்னாய்: "அண்ணே, மருந்து ஏத்துனதுக்குப் பொறவு நிக்க முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியாது. இப்ப முடியும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் எனக்குப் போன் வந்தது. "தங்கச்சி, வட்டம் போட என்ன கயிறு வச்சிருக்க?" என்றார். நைலான் கயிறு என்றேன். "அது இழுபடும். அளவு நிக்காது. நான் வேற கொண்டு வாரேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் சர்ச் மைதானத்தைப் பாஸ்டர் தந்தார். துணிக்கு எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டேன். "கறை விழுந்த ரிஜெக்ட் ரோல் சும்மாதானே கெடக்கு, அள்ளிட்டுப் போ" என்றார். மதியம் எங்கள் மாடியில் ஆரம்பித்தோம். எங்கள் தறிக்கூடத்துப் பெண்கள் வந்திருந்தார்கள். உன்னுடன் வேலை பார்க்கிற நர்சுகள் சிலர் வந்திருந்தார்கள். வருவார்களா என்று நான் பயந்ததைவிடக் கூடுதலாகவே கூட்டம் இருந்தது. ஒரு மீட்டருக்கு வட்டமாக வெட்டிய துணி நடுவில் கிடந்தது. ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு தட்டு அளவுக்கு ஒரு துண்டு, அதற்குக் கொஞ்சம் அப்பால் ஒரு சாண் அளவுக்கு இன்னொன்று. இரண்டும் பால்வெளியைச் சுற்றி வருகிற குட்டி மண்டலங்கள், மெகல்லன் மேகங்கள் என்றாய்.

எதிர் வீட்டு அம்மாவிடம் முதல் நாளே கேட்டு வைத்திருந்தேன். தெலுங்கும் தமிழுமாகப் பேசுகிறவர், அவர் மாடியிலும் எதையோ காயப்போடப் போகிறோம் என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டார். அன்று நாங்கள் அங்கே ஆண்ட்ரோமீடாவை விரித்ததும் விஷயம் தெரிந்து, எங்கள் மாடிக்கே வந்து நின்றுகொண்டார்.

தறிக்கூடத்து முத்துமாரி குனிந்து துணியைப் பார்த்தாள். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள், எதையும் கேட்காமல் விடமாட்டாள். "இதுல நாம எங்கக்கா இருக்கோம்?" என்றாள்.

நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி தூரத்தில் நீ விரலை வைத்தாய். "இங்க. ஆனா என் விரல் ரொம்பப் பெருசு. இந்தத் துணியில ஓடுதுல்ல ஒரு நூல், அந்த ஒத்த நூல் கனத்துக்குள்ள நம்ம சூரியன், பக்கத்து நட்சத்திரம், அதுக்குப் பக்கத்துது எல்லாம் அடங்கிரும்."

முத்துமாரி நூலைப் பார்த்தாள். நாள் முழுக்க நூலோடு கிடக்கிறவள். "பூமி?" என்றாள். "அதைக் காட்ட என்கிட்ட எதுவும் இல்லம்மா" என்றாய்.

பிறகு எல்லாரும் பஸ் ஏறி வில்லிபுத்தூர் போனோம். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாய். கண்டக்டர் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் என்று நினைத்துக்கொண்டு, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். வழியில் ஒரு நர்சு, இந்தப் பத்து கிலோமீட்டரும் காலியாகவா இருக்கும் என்று கேட்டாள். "இல்ல, இந்த வழி பூரா எத்தனையோ கேலக்சி கெடக்கு. நம்மகிட்டத் துணி இல்ல, அதான் போடல" என்றாய். நான் வெளியே பார்த்தேன். கடைகள், மில் சுவர்கள், தென்னந்தோப்புகள். அன்றைக்கு அந்த ரோடு எனக்கு வேறு மாதிரி இருந்தது.

மைதானத்தில் அண்ணாச்சி வேலையை முடித்து வைத்திருந்தார். நடுவில் ஓர் இரும்பு முளை. அதிலிருந்து இருபது மீட்டர் கயிறு. சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு, அந்தக் கோட்டின் மேல் பேண்டேஜ் ரோல்களைப் பிரித்து ஓட்டி, காற்றுக்குப் பறக்காமல் அடிக்கு அடி செங்கல் துண்டு வைத்திருந்தார். உள்ளே, முளையைச் சுற்றி நான்கு மீட்டர் அகலத்துக்கு இன்னொரு சின்ன வட்டம். அது நீ கேட்டுப் போடவைத்தது. சின்ன வட்டம் எதற்கு, பெரியதைக் காட்டினால் போதாதா என்று அவர் உன்னிடம் வாதாடினாராம். வெயிலில் நின்று கறுத்துப்போயிருந்தார். உனக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டிருந்தார். அதில் உட்கார் என்று அவர் சொல்லவில்லை. நீயாகவே போய் உட்கார்ந்தாய்.

உட்கார்ந்தபடியே பேசினாய். உன் குரல் பெரிய குரல் இல்லை. எல்லாரும் கிட்டே வந்து நிற்க வேண்டியிருந்தது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே யார் வீட்டு ஆடோ ஒன்று வந்து வட்டத்தின் ஓரத்துத் துணியை மெல்ல ஆரம்பித்தது. நர்சுகள் சிரித்தார்கள். அண்ணாச்சி ஓடிப்போய் விரட்டினார். நீயும் சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது.

இருமல் நின்றதும் அண்ணாச்சிதான் கேட்டார். அத்தனை பேர் முன்னால், பரேடில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டார்: "நான் நாப்பது மீட்டர் போட்டேன், நீ சொன்னேன்னு போட்டேன். இங்கதான் முடியுதுன்னு யாரு முடிவு பண்ணது?"

"யாரும் முடிவு பண்ணலண்ணே. மொத்த வெளிச்சத்துல பாதி இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளயே முடிஞ்சிருது. மீதிப் பாதி அங்க வரைக்கும் போகுது, ரொம்ப மங்கலா. சில பேர் அதையும் சேத்து நாப்பதுங்காங்க. சில பேர் அம்புட்டு இல்லங்காங்க. ரெண்டுல ஒண்ணை மட்டும் காட்டுனா பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அதான் ரெண்டும் போடச் சொன்னேன்."

அவர் சின்ன வட்டத்தையும் பெரிய வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி" என்றார்.

பிறகு எல்லாரையும் நடக்கச் சொன்னாய். நடுவிலிருந்து வெளிவிளிம்பு வரைக்கும் ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். முத்துமாரி விளிம்பு வரை போய், அங்கிருந்து திரும்பிக் கத்திக் கேட்டாள்: "நம்ம மாடியில பாத்தது இப்ப எங்கக்கா இருக்கு?"

நீ நாற்காலியிலிருந்து கையை நீட்டி ராஜபாளையம் இருக்கிற பக்கம் காட்டினாய். "அந்தா, அங்க. ஒரு மீட்டர் துணி. இங்கேருந்து தெரியாது." எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மைதானத்துச் சுவரும் அதற்கு அப்பால் சில மாடி வீடுகளும் மலையும்தான் இருந்தன. ஆனாலும் செத்த நேரம் யாரும் கண்ணை எடுக்கவில்லை. அங்கிருந்து பார்த்தபோது எங்கள் வீட்டு மாடியை நினைத்து எனக்கு என்னவோ போல் இருந்தது. அங்கே யாரும் இல்லை, துணி மட்டும் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மதுரையில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். நீ சொன்னது சரிதான். அதற்குப் பிறகு அவ்வளவு நேரம் உன்னால் வெளியே இருக்க முடியவில்லை. முடி கொட்டியது. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. நடுவில் ஒருமுறை டாக்டர், கட்டி சுருங்கியிருக்கிறது என்று சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். நீ மட்டும், "முன்ன எடுத்ததும் இதுவும் ஒரே மாதிரி எடுத்த ஸ்கேன்தானே சார்?" என்று கேட்டாய். ஒரே மாதிரிதான், அதே மெஷின்தான் என்று அவர் பொறுமையாகச் சொல்லி இரண்டையும் காட்டினார். நீ பார்த்தாய். "ஆமா, சுருங்கியிருக்கு" என்றாய். அன்றைக்குத்தான் நீ நன்றாகச் சாப்பிட்டாய். அந்த நல்ல சேதி பொய்யில்லை. மூன்று மாதம் அது நின்றது. பிறகு வேறு இடத்தில் வந்தது.

ஐப்பசியில், மழை பிடித்திருந்த ஒரு காலையில், வீட்டில் வைத்தே போய்விட்டாய். அண்ணாச்சி போன் செய்து, "தங்கச்சி, முடிஞ்சுது, வா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வில்லிபுத்தூர் வீட்டில் இருக்கவில்லை. வில்லிபுத்தூருக்கு வடக்கே வ. புதுப்பட்டியில் உங்கள் பங்கு நிலத்தைப் பார்க்கப் போய், அங்கேயே தங்கிவிட்டார். ஒரு வருஷம் எங்களுக்குள் பேச்சு அதிகம் இல்லை. நல்லநாள் பெரியநாளுக்கு ஒரு போன், அவ்வளவுதான். போன கார்த்திகையில் திடீரென்று கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஆண்ட்ரோமீடா எம்புட்டு மீட்டர் தள்ளிப் போட்டோம்?"

இருபத்தைந்து என்றேன். எதற்கு என்று கேட்டேன்.

"இங்க ஊர்க்காரங்க சில பேரு, உன் தங்கச்சி என்னமோ செஞ்சாளாமே, அது என்னன்னு கேக்காங்க. எனக்கு முழுசாச் சொல்லத் தெரியல. காடு அறுத்துக் காலியாக் கெடக்கு. துணி இருந்தாக் கொண்டு வாயேன்."

எங்கள் வீட்டுக்காரரே வண்டி ஓட்டி வந்தார். முத்துமாரியும் வந்தாள். பிற்பகலில் போய் இறங்கினோம். அவர் முளை அடித்து, கயிறு கட்டி, இரண்டு வட்டமும் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அறுத்த வயலில், வாய்க்கால் பக்கம் பால்வெளியை விரித்து, இருபத்தைந்து மீட்டரில் ஆண்ட்ரோமீடாவை விரித்தோம். பெரிய வட்டத்தைப் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போட வழியில்லை. அதனால் அண்ணாச்சி வந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டார்: "இது உண்மையில இங்க இல்ல. வில்லிபுத்தூர்ப் பக்கம் நிக்கணும். பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்காக இங்க போட்டிருக்கு." சின்ன வட்டம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பாதி வெளிச்சம், மீதி வெளிச்சம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்கள் போன பிறகு, பொழுது இருட்டியதும் கிளம்பினோம். மழை விட்டு வானம் துடைத்த மாதிரி இருந்தது. அங்கே சுற்றிலும் விளக்கு இல்லை. அண்ணாச்சி என்னை நிறுத்தி, வடக்குப் பக்கம், தலைக்கு மேலிருந்து கொஞ்சம் இறங்கினாற்போல ஓரிடத்தைக் கை நீட்டிக் காட்டினார். பட்டாளத்தில் நட்சத்திரம் பார்த்துத் திசை கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். அதை வைத்து அவராகவே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு முதலில் தெரியவில்லை. நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்க்கச் சொன்னார். அப்போது தெரிந்தது. புகை மாதிரி ஒரு சின்னத் தீற்றல். நாம் இரண்டு பேரும் அத்தனை வருஷம் பேசியும் ஒருமுறைகூட வெளியே வந்து அதைத் தேடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்புட்டுத்தானா?" என்று அண்ணாச்சி கேட்டார். குரலில் ஏமாற்றம் இருந்தது. ஒரு மாசமாகத் தினமும் பார்க்கிறாராம்.

நீ எனக்கு எப்போதோ சொன்னதை அவருக்குச் சொன்னேன். நம் கண்ணுக்கு அதன் நடுப்பகுதி மட்டும்தான் எட்டுகிறது. மங்கின வெளிச்சத்தையும் வாங்குகிற கண் இருந்தால், பௌர்ணமி நிலா ஆறை வரிசையாக வைத்த நீளத்துக்கு அது வானத்தில் படுத்திருப்பது தெரியும். "அம்புட்டு இல்ல அண்ணாச்சி. நமக்குத் தெரியறது அம்புட்டு" என்றேன்.

அவர் மறுபடி மேலே பார்த்தார். கையை நீட்டி, விரலை நிலா அளவுக்கு விரித்து, அந்தத் தீற்றலின் ஒரு பக்கத்திலிருந்து மெதுவாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே மறுபக்கம் வரை போனார். ஆறு வந்ததும் கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, பிறகு அவரே அணைத்துவிட்டார்.

இப்போது ராஜபாளையத்தில் எங்கள் மாடியில் நின்றால் தெரு விளக்குகளுக்கு நடுவே அது தெரிவதில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொடியில் துணி எடுக்கப் போகும்போது அந்தப் பக்கம் பார்ப்பேன், கொஞ்சம் ஓரமாக.